மோதல் வேகத்தில் எஃகின் வலிமையை அளக்க ஹாப்கின்சன் பாரை நாமே செய்யலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மைல்டு ஸ்டீலை யூடிஎம்மில் (மெதுவாக இழுத்தோ அமுக்கியோ வலிமையை அளக்கும் பொதுச் சோதனை இயந்திரம்) சோதித்தபோது ஈல்டு வலிமை (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, அதாவது ஓர் அலகு பரப்பில் வரும் விசை) 260 மெகாபாஸ்கல் வந்திருக்கிறது. வாகனம் மோதும் வேகத்தில் அதே எஃகு எவ்வளவு தாங்கும் என்று சிமுலேஷனுக்கு ஓர் எண் வேண்டும். கல்லூரியில் சார்பி மெஷின் இருக்கிறது, அதிலேயே எடுத்துவிடலாமா? முடியாதென்றால், ஹாப்கின்சன் பார் (நீண்ட கம்பிகளில் ஓடும் அலையைக் கொண்டு மோதல் வேகத்தில் வலிமையை அளக்கும் கருவி) ஒன்றைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா? எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியவை இரண்டு: எந்தத் திரிபு வீதத்தில் (துண்டு எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்ற அளவு) வலிமை தேவை, வரும் எண்ணை எதை வைத்து நம்புவது. இரண்டாவதில்தான் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் சறுக்குகின்றன. ஆகவே அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

சார்பி உங்களுக்கு உதவாது. 10 × 10 × 55 மி.மீ. துண்டு, நடுவில் 2 மி.மீ. ஆழ வி-வெட்டு, நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் வரும் ஊசல் சுத்தியல். கடைசியில் கிடைப்பது ஜூல் கணக்கில் உடைப்பு ஆற்றல். எந்த வெப்பநிலையில் எஃகு நொறுங்கத் தொடங்குகிறது, ஒரு வார்ப்பை விட இன்னொன்று எவ்வளவு உறுதி என்று ஒப்பிட அது அருமையான சோதனை. ஆனால் வெட்டின் அடியில் தகைவு ஒரே திசையில் இருப்பதில்லை, திரிபும் (நீளம் மாறும் விகிதம்) இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த ஆற்றலிலிருந்து தகைவு–திரிபு வளைகோட்டைப் பிரித்தெடுக்க நேர்வழி கிடையாது. சுத்தியலில் ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை மின்தடை மாற்றமாகக் காட்டும் மெல்லிய பட்டை) ஒட்டி விசையைப் பதிவு செய்யும் வகையிலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும்.

திரிபு வீதம் என்பது ஒரு நொடியில் துண்டு தன் நீளத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது. சாதாரண யூடிஎம் நொடிக்கு 0.0001 முதல் 0.1 வரைதான் போகும். வேகமான சர்வோ-ஹைட்ராலிக் மெஷின்கள் சில நூறு வரை எட்டும். ஹாப்கின்சன் பாரின் களம் ஏறத்தாழ நூறிலிருந்து பத்தாயிரம் வரை. அதற்கும் மேலே தகட்டைத் தகட்டில் மோதவிடும் சோதனைகள் வருகின்றன, அவை உங்களுக்குத் தேவையில்லை. வாகன மோதலில் தகடுகள் காணும் வீதம் பெரும்பாலும் சில நூறுக்குள் அடங்கும். அதாவது ஹாப்கின்சன் பார் உங்கள் தேவையின் மேல் எல்லையைத் தரும், யூடிஎம் கீழ் எல்லையைத் தரும், நடுவில் உள்ளதை இடைக்கணிப்பால் நிரப்ப வேண்டும். இதை ஆய்வறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

மேலிருந்து எடையைப் போடும் கோபுரம் போதாதா என்று அடுத்து தோன்றும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எடை நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தை எட்டும், வேகம் போதும். தொல்லை, விசையை அளக்கும் லோடு செல்லில் இருக்கிறது. அடி விழுந்ததும் செல்லும் அதைத் தாங்கும் அடித்தளமும் தம் இயல்பு அதிர்வெண்ணில் அதிரத் தொடங்கும். பதிவாகும் விசையில் துண்டின் எதிர்ப்பு எவ்வளவு, செல்லின் அதிர்வு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அந்த அலையை ஃபில்டர் போட்டு மழுப்பினால் ஈல்டு இருந்த இடமும் சேர்ந்து மழுங்கிவிடும். போதாததற்கு, எடை துண்டை நசுக்க நசுக்க வேகம் குறைவதால் திரிபு வீதமும் மாறிக்கொண்டே போகும்.

ஹாப்கின்சன் பார் இந்த அதிர்வையே அளவுகோலாக மாற்றிக்கொண்ட கருவி. 1914-இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் வெடிப்பின் அழுத்தத்தையும் தோட்டா மோதலின் அழுத்தத்தையும் ஒரு நீண்ட எஃகுக் கம்பியில் ஓடும் அலையைக் கொண்டு அளந்தார். 1949-இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி கம்பியை இரண்டாக்கி, நடுவில் சோதிக்க வேண்டிய துண்டை வைத்தார். இன்றும் அமைப்பு அதுதான். கேஸ் கன்னிலிருந்து (அழுத்தக் காற்றால் சுடும் குழாய்) வரும் ஸ்ட்ரைக்கர் என்ற குட்டைக் கம்பி முதல் பாரை மோதுகிறது. ஓர் அமுக்க அலை பாருக்குள் ஓடித் துண்டை அடைகிறது. ஒரு பகுதி திரும்பி வருகிறது, மறு பகுதி துண்டைக் கடந்து இரண்டாம் பாருக்குள் போகிறது. பார்கள் மீட்சி எல்லைக்குள்ளேயே இருப்பதால், அவற்றின் மேல் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்கள் காட்டும் திரிபிலிருந்து துண்டின் இரு முகங்களிலும் இருந்த விசையையும் அவை நகர்ந்த வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

இரண்டு பார்களும் ஒரே உலோகம், ஒரே விட்டம் என்றால் கணக்கு எளிது. துண்டின் தகைவு = பாரின் யங் குணகம் (மீட்சி எல்லைக்குள் தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம்) × கடந்துபோன அலையின் திரிபு × பாரின் பரப்பு ÷ துண்டின் பரப்பு. திரிபு வீதம் = 2 × பாரில் அலையின் வேகம் × திரும்பிய அலையின் திரிபு ÷ துண்டின் நீளம். அதைக் காலத்தோடு தொகையிட்டால் திரிபு கிடைக்கும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் கருவியின் குணம் பிடிபடும். 20 மி.மீ. விட்ட எஃகு பார், அலை வேகம் நொடிக்கு 5000 மீட்டர், யங் குணகம் 200 கிகாபாஸ்கல், ஸ்ட்ரைக்கர் 300 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 10 மீட்டரில் மோதினால் பாரில் எழும் திரிபு அந்த வேகத்தை அலை வேகத்தின் இருமடங்கால் வகுத்தது: 1000 மைக்ரோஸ்ட்ரெயின் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), அதாவது 200 மெகாபாஸ்கல். அலையின் காலம், ஸ்ட்ரைக்கர் நீளத்தை அலை போய்வரும் நேரம்: 120 மைக்ரோசெகண்ட். துண்டு 10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. நீளம், அந்த வீதத்தில் 550 மெகாபாஸ்கலில் நெகிழ்ந்துகொடுக்கிறது என்றால், பரப்பு நான்கில் ஒன்று என்பதால் கடந்துபோகும் அலை 137.5 மெகாபாஸ்கல். மீதி 62.5 திரும்பி வரும். திரிபு வீதம் நொடிக்கு சுமார் 625, மொத்தத் திரிபு ஏழரை சதவீதம். இப்போது வேகத்தை 20 மீட்டராக்குங்கள். உள்வரும் அலை 400, கடந்துபோவது கிட்டத்தட்ட அதே 137.5, திரும்புவது 262.5. திரிபு வீதம் 2600-ஐத் தாண்டிவிடும். வேகம் இருமடங்கானால் வீதம் நான்கு மடங்குக்கும் மேல் ஏறுகிறது, ஏனென்றால் துண்டின் வலிமை முதலில் தன் பங்கைக் கழித்துக்கொள்கிறது. ஆகவே கேஸ் கன்னின் அழுத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டியதற்கே வீதம் தாவிவிட்டது என்றால் அது கருவியின் கோளாறு அல்ல.

இந்தக் கணக்கெல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: துண்டின் முன் முகத்திலும் பின் முகத்திலும் விசை சமம். அலை துண்டுக்குள் முன்னும் பின்னும் பலமுறை ஓடிய பிறகுதான் அந்தச் சமநிலை வரும். 5 மி.மீ. எஃகைக் கடக்க 1 மைக்ரோசெகண்ட், போய்வர 2. மூன்று நான்கு முறை போய்வர 6 முதல் 8 ஆகும். நொடிக்கு 625 வீதத்தில் அந்த நேரத்துக்குள் துண்டு அரை சதவீதம் நசுங்கியிருக்கும், 2600 வீதத்தில் இரண்டு சதவீதம். யூடிஎம்மில் ஈல்டு என்று நீங்கள் படிப்பது 0.2 சதவீதத்தில். அதாவது நீங்கள் கேட்கும் ஈல்டு புள்ளி, சமநிலை வருவதற்கு முன்பே கடந்துபோய்விடுகிறது. வளைகோட்டின் தொடக்கச் சரிவிலிருந்து யங் குணகம் எடுப்பதும் இதே காரணத்தால் தவறு. ஐந்து சதவீதத் திரிபில் தகைவு இவ்வளவு, பத்து சதவீதத்தில் இவ்வளவு என்று எழுதுவதே நேர்மை. முதல் உச்சியை ஈல்டு என்று எழுதிய கட்டுரைகளை ஏராளமாகப் பார்க்கலாம். அதைப் பின்பற்றாதீர்கள்.

சமநிலை இருக்கிறதா என்று ஒவ்வொரு சோதனையிலும் வரைந்து பார்க்க வேண்டும். உள்வரும் அலையையும் திரும்பிய அலையையும் குறியோடு கூட்டினால் முன் முக விசை. கடந்துபோன அலை பின் முக விசை. இரண்டும் ஐந்து, அதிகம் போனால் பத்து சதவீதத்துக்குள் ஒட்டி ஓடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் முகக் கோடு இயல்பாகவே கரடுமுரடாக இருக்கும், இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் அது. அலைகளைக் காலத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது 2 மைக்ரோசெகண்ட் பிசகினால்கூட நல்ல சோதனை கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும்.

சமநிலையை விரைவில் கொண்டுவர மலிவான வழி, ஸ்ட்ரைக்கர் மோதும் முகத்தில் கிரீஸ் தடவி ஒரு சிறு செம்பு வில்லையை ஒட்டுவது. பதப்படுத்தி மென்மையாக்கிய செம்பு, 4 முதல் 6 மி.மீ. விட்டம், 0.5 முதல் 1 மி.மீ. தடிமன் என்று தொடங்கலாம். வில்லை நசுங்குவதால் அலை செங்குத்தாக எழாமல் சாய்வாக ஏறும், உச்சியில் வரும் நடுக்கமும் அடங்கும். அந்த நடுக்கத்துக்குக் காரணம், அதிக அதிர்வெண் அலைகள் பாரில் மெதுவாக ஓடுவது. அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் முறையில் பிறகு திருத்தலாம், ஆனால் எழாமலே தடுப்பது மேல். சரியான வில்லை எது என்று எந்த அட்டவணையும் சொல்லாது. துண்டின் உலோகம் மாறினால் வில்லையும் மாறும். வில்லைகளைப் பஞ்ச் போட்டு டஜன் கணக்கில் வெட்டி வைத்துக்கொண்டு முயன்று பார்க்க வேண்டியதுதான்.

இனிச் செய்வதற்கு வருவோம். உங்கள் பட்டறையில் லேத் இருக்கிறது, வெளியே சென்டர்லெஸ் கிரைண்டிங் செய்ய இடம் இருக்கிறது என்றால் அமைக்க முடியும். பார்களுக்குச் சிறந்தது மாரேஜிங் எஃகு, ஆனால் விலை அதிகம். நொடிக்கு 20 மீட்டருக்குள் நின்றுகொண்டால் ஈஎன்24 எஃகைக் கடினப்படுத்தி டெம்பர் செய்தது தாராளமாகத் தாங்கும். வெப்பச் சிகிச்சையை முதலிலேயே முடித்துவிட்டு அதன்பின் கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். வரிசை மாறினால் பார் வளைந்து வரும். பார்கள் தலா 1.5 மீட்டர். கேஜை நடுவில் ஒட்டினால் உள்வரும் அலையும் திரும்பும் அலையும் 300 மைக்ரோசெகண்ட் இடைவெளியில் வரும். வில்லையால் நீண்ட அலையும் அதற்குள் அடங்கிவிடும். மீட்டருக்கு 0.1 மி.மீ. நேர்த்தன்மை கேளுங்கள். முகங்கள் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்: இரண்டு பார்களையும் சேர்த்துவைத்து, பின்னால் விளக்கைப் பிடித்தால் சுற்றிலும் எங்குமே வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. தாங்கிகளை ஐ-பீமின் மேல் இயந்திரத்தால் சமப்படுத்திய தளத்தில் பொருத்தி, நைலான் அல்லது டெஃப்லான் புஷ்களில் பாரை ஏற்றி, இறுகக் கட்டிய பியானோ கம்பியை வைத்தோ லேசரை வைத்தோ வரிசைப்படுத்துங்கள். ஒரு விரலால் தள்ளினால் பார் வழுக்கிப் போக வேண்டும். வரிசையில்தான் உங்கள் நேரத்தில் பாதி போகும், போகட்டும். அதில் சிக்கனம் பிடித்தவர்களின் அலைகளில் வளைவு கலந்து வருவதை எந்த மென்பொருளாலும் நீக்க முடியாது.

கேஸ் கன் நினைப்பதைவிட எளிது. ஸ்ட்ரைக்கரின் எடை சுமார் 0.74 கி.கி. நொடிக்கு 10 மீட்டரில் அதன் ஆற்றல் 37 ஜூல், 20 மீட்டரில் 148 ஜூல். பாரின் விட்டமே உள்ள, ஹோன் செய்த ஒரு மீட்டர் குழாயில், உராய்வைச் சேர்க்காமல், இவற்றுக்கு சராசரியாக 1.2 பாரும் 4.7 பாரும் (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் போதும். இழப்புகளுக்கு இன்னொரு மடங்கு சேர்த்தாலும் பட்டறை கம்ப்ரஸரைத் தாண்டாது. குழாயின் முனைக்குச் சற்று முன்னால் காற்று வெளியேறத் துளைகள் போடுங்கள், மோதும் கணத்தில் ஸ்ட்ரைக்கரைக் காற்று தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது. வேகத்தை அங்கே 50 மி.மீ. இடைவெளியில் வைத்த இரண்டு ஒளிக் கதவுகளால் அளக்கலாம். பாதுகாப்பில் சலுகை வேண்டாம். டேங்கில் ரிலீஃப் வால்வு, துண்டைச் சுற்றிப் பாலிகார்பனேட் உறை, உறை மூடாமல் சுடமுடியாத இன்டர்லாக், பாரின் அச்சுக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது என்ற விதி, கடைசியில் பாரை நிறுத்த ஒரு கனமான தடுப்பு. எஃகு நசுங்கும், ஆனால் ஒரு நாள் யாராவது செராமிக் துண்டை வைப்பார்கள், அது சிதறும்.

ஒவ்வொரு பாரிலும் இரண்டு கேஜ்கள், எதிரெதிர்ப் பக்கங்களில், வீட்ஸ்டன் பிரிட்ஜின் (சிறு மின்தடை மாற்றத்தை வோல்டேஜாகக் காட்டும் நான்கு கைச் சுற்று) எதிர்க் கைகளில். வளைவால் வரும் திரிபு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அச்சுத் திரிபு கூடும். ஒரே கேஜ் ஒட்டுவது வீண். பிரிட்ஜுக்கு 5 வோல்ட் கொடுத்தால், கேஜ் காரணி 2 என்றால், 1000 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 5 மில்லிவோல்ட் வரும். அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிலையான திரிபை அளக்கச் செய்த, 10 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் கேட்கும் பெட்டியை மாட்டினால் எழுச்சி நேரம் 35 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும், அலையின் முன்பகுதி காணாமல் போகும். 500 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் 0.7 மைக்ரோசெகண்ட். கேஜின் நீளம் 3 மி.மீ. என்றால் அலை அதைக் கடக்க 0.6 ஆவதால் அதற்குமேல் செலவழித்துப் பயனில்லை. ஆஸிலோஸ்கோப்பில் நொடிக்கு ஐந்து மில்லியன் பதிவு, முடிந்தால் 12 பிட். வயர்களைத் தளர்வாக விடுங்கள். பார் நகரும்போது இறுக்கமான வயர்தான் சால்டரைப் பிடுங்கும். சோலனாய்டு வால்வு திறக்கும் மின்குறுக்கீடு பதிவில் தெரிந்தால் ஷீல்டையும் எர்த்தையும் பாருங்கள்.

துண்டே வைக்காமல் செய்யும் சோதனைகள்தான் கருவிக்கு உரைகல். ஒரே பாரை மோதி, அடுத்தடுத்து வரும் ஒரே திசை அலைகளின் இடைவெளியை அளந்தால் அலை வேகம் கிடைக்கும்: 1.5 மீட்டர் பாரில் 600 மைக்ரோசெகண்டை ஒட்டி வர வேண்டும். பிறகு இரண்டு பார்களையும் சேர்த்துவைத்து மோதுங்கள். திரும்பும் அலை கிட்டத்தட்ட பூஜ்யமாகவும், கடந்துபோகும் அலை உள்வரும் அலைக்குச் சமமாகவும், இரண்டும் ஸ்ட்ரைக்கர் வேகத்திலிருந்து கணக்கிட்ட திரிபோடு இரண்டு மூன்று சதவீதத்துக்குள் பொருந்தியும் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பசை, பிரிட்ஜ், வேக அளவீடு என்ற வரிசையில் தேடுங்கள். 120 ஓம் கேஜுக்குக் குறுக்கே 60 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்தால் 1000 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு ஈடான மாற்றம் வரும். ஒரு கேஜுக்கு மட்டும் வைத்தால் மோதலில் வருவதில் பாதிதான் காட்டும் என்பதை மறந்து எல்லாத் தகைவுகளையும் இருமடங்காக்கிவிடாதீர்கள். அடுத்து 6061-டி6 அலுமினியத்தைச் சோதியுங்கள். நொடிக்கு ஆயிரம் என்ற வீதம் வரை அதன் வலிமை வீதத்தால் அதிகம் மாறுவதில்லை என்பது நன்கு நிலைபெற்ற முடிவு. உங்கள் கருவி அதை யூடிஎம் மதிப்பைவிட நாற்பது சதவீதம் வலுவாகக் காட்டினால், எஃகைத் தொடுவதற்கு முன் கருவியைத் திருத்துங்கள்.

துண்டின் முகங்கள் 0.01 மி.மீ.க்குள் இணையாக இருக்கட்டும், முகங்களில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கிரீஸ். சோதனைக்குப்பின் துண்டு பீப்பாய்போல நடுவில் பருத்திருந்தால் உராய்வு உள்ளே புகுந்து தகைவைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. முதல் அலைக்குப் பிறகும் பார்களில் அலைகள் ஓடித் துண்டை மீண்டும் மீண்டும் அடிக்கும், ஆகவே கடைசி நீளம் கணக்கைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. கணக்கைவிட நீளமாக இருந்தால்தான் கவலை. துண்டின் நுண்ணமைப்பைப் பார்க்க விரும்பினால், துண்டைவிடக் குட்டையான கடின எஃகு வளையத்தைச் சுற்றிவைத்துத் திரிபை நிறுத்துங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: மைல்டு ஸ்டீல் வீதத்துக்கு மிகவும் கூருணர்வு உடையது. வீதம் கூடக் கூட ஈல்டு எவ்வளவு ஏறும் என்று சொல்லும் கௌப்பர்–சைமண்ட்ஸ் சமன்பாட்டில் அதற்கு வழக்கமாகப் போடும் 40.4, 5 என்ற மாறிலிகள், நொடிக்கு 40 வீதத்திலேயே ஈல்டு இருமடங்காகும் என்கின்றன. ஆனால் அவை ஈல்டை ஒட்டிய சிறு திரிபுக்கானவை, பெரிய திரிபில் வலிமையை மிகைப்படுத்தும். எஃகின் ரகத்தை நீங்கள் சொல்லாததால் உங்கள் துண்டுக்கு இதே மடங்கு என்று நானும் சொல்ல மாட்டேன். சந்தேகமானவையும் இருக்கின்றன. வீதம் ஆயிரங்களைத் தாண்டும்போது வலிமை திடீரென மேலேறுவது உலோகத்தின் இயல்பா, துண்டின் நிலைமமும் உராய்வும் காட்டும் மாயமா என்ற விவாதம் முடியவில்லை. கான்கிரீட்டில் அது இன்னும் கடுமை. துண்டை நிரந்தரமாக உருமாற்றச் செலவாகும் வேலையில் 90 சதவீதம் வெப்பமாகிறது என்று வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம், அளவீடுகள் அந்த விகிதம் நிலையானதல்ல என்று காட்டுகின்றன. அந்த 90-ஐயே வைத்தாலும் 600 மெகாபாஸ்கலில் 30 சதவீதம் நசுங்கிய எஃகு 40 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கும். எனவே உங்கள் வேகமான வளைகோடும் யூடிஎம் வளைகோடும் ஒரே வெப்பநிலையில் எடுத்தவை அல்ல.

இன்னொன்று. நான் விவரித்தது அமுக்கச் சோதனை. வாகனத் தகடு கிழிவதைக் கணிக்க இழுவிசைச் சோதனை தேவை, முறிவுத் திரிபை அமுக்கத்திலிருந்து எடுக்கவே முடியாது. இழுவிசை பாரில் துண்டைத் திருகாணியாலோ பசையாலோ இணைக்க வேண்டும், அந்த இணைப்பின் சிறு தளர்வே பொய் அலைகளை உண்டாக்கும். அதற்கு ஐஎஸ்ஓ 26203 தரநிலையின் முதல் பகுதி மீட்சிப் பார்களையும் இரண்டாம் பகுதி சர்வோ-ஹைட்ராலிக் மெஷினையும் விவரிக்கிறது. அமுக்கக் கருவி சரியாக இயங்கி, 6061 சோதனையில் தேறிய பிறகு அந்த வேலைக்கு இறங்குங்கள். அதுவரை சிமுலேஷனுக்கு, குறைந்தது மூன்று வீதங்களில், வீதத்துக்கு மூன்று துண்டுகளாவது சோதித்து, ஐந்து சதவீதத் திரிபில் தகைவைக் கொடுங்கள். வலிமையைத் திரிபு, வீதம், வெப்பநிலையோடு இணைக்கும் ஜான்சன்–குக் சமன்பாட்டின் மாறிலிகளை இரண்டே வீதங்களை வைத்துப் பொருத்தினால் எந்தக் கோடும் பொருந்திவிடும். பின்னிணைப்பில் ஒவ்வொரு சோதனையின் திருத்தாத அலைப் பதிவையும், முன்–பின் முக விசைக் கோடுகளையும் சேருங்கள். அவை இருந்தால் உங்கள் எண்ணை மற்றவர் சரிபார்க்க முடியும்.